பெண் வீட்டு நாற்காலிகள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எதிரே வரும் மருதப்பனைப் பார்த்து நீங்கள் சிரித்தால் அவர் திருப்பிச் சிரிக்க மாட்டார். முறைக்கவும் மாட்டார். உங்கள் தலைக்கு மேலே தொங்கும் கடைப் பலகையைப் படிக்கிறவர் மாதிரி பார்வையை ஏற்றிக்கொண்டு, வேட்டி நுனியைப் பிடித்தபடி நிதானமாகக் கடந்து போய்விடுவார். ஒரு பார் வெயிட்டருக்கு இவ்வளவு தலைக்கனமா என்று தேக்கா சந்தையில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. அதே மனிதர் மாலை ஆறு மணிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நியூ லோட்டஸ் பாரில் நின்றால் கதையே வேறு. நீங்கள் உட்காருவதற்குள் உங்களுக்கு எது பிடிக்குமோ அது மேசைக்கு வந்துவிடும். போன வாரம் உங்களுக்குப் பல்வலி என்றால் அதையும் நினைவு வைத்திருந்து விசாரிப்பார்.

1947-இல் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி துரைசாமி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் பாட்டில் திறப்பதைப் பற்றியது அல்ல. "வாசப்படிக்கு வெளிய யாரையும் உனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும்" என்றார். காரணம் இருந்தது. மருதப்பனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் வாய் நீளம். தைப்பூசத்தன்று கோயில் வாசலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் மனைவி, மாமியார் சகிதம் அர்ச்சனைத் தட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன சார் நேற்று ஆளையே காணோம், உங்கள் ஸ்டவுட் பீர் அப்படியே இருக்கிறதே என்று அன்பொழுக விசாரித்துவிட்டார். வாத்தியார் அதற்குப் பிறகு பார் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவரோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த ஏழு பேரும் வரவில்லை. விசாரித்தவருக்கு அடுத்த வாரம் வேலையும் இல்லை.

மருதப்பன் அந்தப் பாடத்தை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். அதுதான் பிறகு அவருக்கு வினையாக வந்தது.

நியூ லோட்டஸ் ஒரு சந்துக்குள் இருந்த இரண்டு மாடிக் கடைவீடு. கீழே பார், சலவைக்கல் பதித்த எட்டு மேசைகள், தலைக்கு மேலே சோம்பலாகச் சுற்றும் விசிறிகள். பின்கட்டில் கோவிந்தசாமியின் அடுப்படி. அவருடைய மிளகு போட்ட ஈரல் வறுவலுக்காகவே கேலாங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை மாலையானால் ஒரு மூலையில் ஆர்மோனியமும் தபலாவும் உட்கார்ந்துவிடும். மேல்மாடியில் இரண்டு அறைகள். சின்ன அறையில் சங்கக் கூட்டம், நாடக ஒத்திகை, வேலை ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பிரிவு உபசாரம். பெரிய அறையில் கல்யாணம், நிச்சயதார்த்தம், குழந்தைக்குப் பேர் வைக்கிற விருந்து.

பார் இருக்கிற கட்டடத்தில் கல்யாணமா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அந்தக் காலத்தில் இத்தனை விசாலமான அறை அந்த வட்டாரத்தில் வேறு அதிகம் கிடையாது. துரைசாமியும் விவரமானவர். மேலே போகப் பக்கத்துச் சந்திலிருந்து தனிப் படிக்கட்டு கட்டியிருந்தார். பெண்கள் பாரின் வாடை படாமல் ஏறி, வாடை படாமல் இறங்கிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருந்தால் கீழே மாலை நான்கு மணிவரை கதவு திறக்காது. கல்யாணத்துக்கு வந்து மேலே சாம்பார் சாதம் சாப்பிட்டுப் போன பல அம்மாமார்களுக்கு, தங்கள் காலுக்கு நேர் கீழேதான் வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

கீழே பரிமாறுவதும் மேலே மண்டபத்தைப் பார்த்துக்கொள்வதும் மருதப்பன் பொறுப்பு. மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள். மணவறைக்கு இடப்பக்கம் நூறு, மாப்பிள்ளை வீட்டுக்கு. வலப்பக்கம் நூறு, பெண் வீட்டுக்கு. இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கம் காலியாகக் கிடந்தால் வாசலில் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். மருதப்பன் அதற்கும் கைப்பழக்கம் வைத்திருந்தார். ஆள் குறைவு என்று தெரிந்தால் முதல்நாளே அந்தப் பக்கத்து நாற்காலிகளில் பாதியை எடுத்துச் சின்ன அறையில் அடுக்கிவிடுவார். மிச்சத்தை விலக்கி விலக்கிப் போடுவார். இடைவெளியில் பூத்தொட்டி வைப்பார். எத்தனையோ குடும்பங்களின் மானத்தை இப்படிப் பூத்தொட்டி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றப்பட்டவர்களுக்கே அது தெரியாது.

1961 தை மாதம் அவருடைய மகள் மங்களத்துக்கு அதே மண்டபத்தில் கல்யாணம் வைக்கிற நேரம் வந்தது.

மாப்பிள்ளைக்கு மலாயாவில் குளுவாங் ஊர், ரயில்வேயில் வேலை. நல்ல பையன். சம்பந்தியின் பேச்சில் ஒன்றே ஒன்றுதான் மருதப்பனுக்கு இடித்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு பஸ் வரும், இருக்க இடம் போதுமா என்று பெருமையாகக் கேட்டார். அதெல்லாம் போதும் என்று மருதப்பன் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவி பூவம்மாவை உட்காரவைத்து, தங்கள் பக்கத்து ஆட்களை விரல்விட்டு எண்ணினார். பூவம்மாவின் தங்கை குடும்பம் கேலாங்கில். அவர்கள் அறை எடுத்துக் குடியிருந்த வேறொரு கடைவீட்டு மாடியில் மற்ற அறைக்காரர்கள். பார் ஆட்கள். மங்களம் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை, அவளோடு வேலை பார்க்கிறவர்கள் ஆறு பேர். எப்படி எண்ணினாலும் முப்பத்தொன்றைத் தாண்டவில்லை.

அவருக்கு இங்கே சொந்தம் என்று இருந்தது ஓர் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. பழகினவர்கள் என்று பார்த்தால் அதிலும் ஒரு முடிச்சு. கல்யாணத்துக்குக் கூட்டம் சும்மா வந்துவிடாது. நாம் நாலு வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தால்தான் அந்த நாலு வீட்டார் நம் வீட்டுக்கு வருவார்கள். மருதப்பன் பதினாலு வருஷத்தில் ஆயிரம் கல்யாணம் பார்த்திருப்பார். எல்லாவற்றிலும் கையில் தட்டோடு நின்றிருக்கிறார். ஒன்றிலாவது விருந்தாளியாக நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அவருக்கு மேல்மாடியில் வேறு யாருடைய கல்யாணமோ இருக்கும்.

அன்றிரவு சாப்பிட்டுவிட்டுப் பாயை விரிக்கும்போது, தட்டிக்கு அந்தப் பக்கம் மங்களம் தாயிடம் தணிந்த குரலில் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"எங்க ஸ்கூல்லேருந்து ஆறு டீச்சர் வருவாங்கம்மா. நம்ம பக்கம் அவ்வளவுதானா? அப்பாவுக்கு ஆளே இல்லையா?"

குறையாகச் சொல்லவில்லை அந்தப் பெண். அறியத்தான் கேட்டாள். மருதப்பனுக்கு அதுதான் அதிகமாக வலித்தது. தனக்கு ஆள் இல்லை என்பது உண்மையாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். வாரத்துக்கு அறுபது பேர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யார் பிள்ளை எந்தப் பரீட்சையில் தேறியது, யாருக்கு மேலதிகாரியோடு தகராறு, எவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் வீட்டு வாசல்படியைக்கூட அவர் மிதித்தது கிடையாது.

பாரிலேயே பத்திரிகை கொடுத்தால் என்ன என்று கோவிந்தசாமி கேட்டார். கேட்கச் சுலபம். நம்மவர்கள் கல்யாணம் சொல்வது அப்படி இல்லையே. புருஷனும் பெண்சாதியுமாகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், சந்தனம், பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். அங்கேயும் வீட்டுக்காரரும் வீட்டுக்கார அம்மாவும் சேர்ந்து நின்று வாங்கவேண்டும். அதுதான் அழைப்பு. பீர் நுரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிற காகிதம் அழைப்பு இல்லை, அவமரியாதை. சரி, வீட்டுக்கே போகலாம் என்றால், கதவைத் திறக்கிற அம்மா என்ன கேட்பார்? நீங்கள் யார், எங்கள் வீட்டுக்காரரை எப்படித் தெரியும் என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் ஒரு குடும்பத்தில் நெருப்பு வைத்த மாதிரி. மருதப்பன் யோசித்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தை மூட்டை கட்டிவைத்தார். அறுபது நாற்காலியை எடுத்துச் சின்ன அறையில் அடுக்கிவிடுவது, பூத்தொட்டி பன்னிரண்டு வைப்பது என்று தீர்மானித்துக்கொண்டார். ஊரார் மானத்தைக் காப்பாற்றிய வித்தை தன் வீட்டுக்கும் உதவட்டும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பார் வாசலுக்கு உள்ளே ஒரு கரும்பலகை உண்டு. வரப்போகும் மேல்மாடி நிகழ்ச்சிகளை மருதப்பன் அதில் அச்சடித்தாற்போலச் சாக்கட்டியால் எழுதிவைப்பார். கல்யாணம் என்றால் மணமக்கள் பேரைப் போடுவார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் பேரின்பநாயகம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார்.

பேரின்பநாயகம் ஓர் அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாகப் புதனும் சனியும் வருகிறவர். செவ்வாய் வெள்ளியில் மச்ச மாமிசமும் தொடமாட்டார், மதுவும் தொடமாட்டார், அதில் கண்டிப்பு. எதையும் ஆபீஸ் கோப்பு மாதிரி முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படிக்கிற பழக்கம் அவருக்கு.

"வாற கிழமை ஞாயிறு கலியாணம் எண்டு போட்டிருக்கு. ஆரின்ர கலியாணம்? பேரைக் காணேல்லையே" என்று கேட்டார்.

"தெரியாதுங்க சார்" என்றார் மருதப்பன்.

பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. யாரைப் பற்றி யார் கேட்டாலும் வாய் தானாக அப்படித்தான் சொல்லும். பதினாலு வருஷப் பழக்கம். சொன்ன பிறகுதான் தன் மகளைத் தெரியாது என்று சொல்லிவிட்டோமே என்று உறைத்தது. திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், பின்கட்டுத் திரையை விலக்கிக்கொண்டு கோவிந்தசாமி கரண்டியோடு வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை இலை என்று இன்னும் சொல்லவில்லையே, நம் மங்களம் கல்யாணத்தில் இலை பத்தாமல் போனால் எல்லாரும் என் தலையைத்தான் உருட்டுவார்கள் என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். சமையல்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது.

பேரின்பநாயகம் ஜன்னலோர மேசையில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மருதப்பன் பீர் கொண்டுவந்து வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"மருதப்பன், உம்மட மகளின்ர கலியாணமோ?"

"ஆமா சார்."

"பன்ரண்டு வருசமா உம்மட கையாலதான் வாங்கிக் குடிக்கிறன். ஏன் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை?"

கோபமாகத்தான் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருதப்பன் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"உங்க வீட்டுக்கு வந்து பத்திரிகை வச்சா, அம்மா என்னை யாருன்னு கேப்பாங்க. நீங்க என்ன சார் சொல்வீங்க?"

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பீரைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார். சனிக்கிழமை பாட்டுக்கும் வரவில்லை. ஒரு நல்ல மனிதரைப் பேசக் கூடாததைப் பேசி விரட்டிவிட்டோம் என்று மருதப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே பேரின்பநாயகம் வந்தார். உட்காரவில்லை. ஆபீஸ் உடுப்போடு, குடையோடு, வாசலுக்கு உள்ளே நின்றபடியே சொன்னார்.

"நாளைக்கு ஆறு மணிக்கு மனுசியோட எங்கட வீட்டை வாரும். கலியாணக் கார்டும் கொண்டு வாரும். நான் என்ர மனுசிக்கு எல்லாம் சொல்லிப்போட்டன்."

என்ன சொன்னார், அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்க மருதப்பனுக்குத் தைரியம் வரவில்லை. விலாசம் எழுதிய துண்டை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீடு ஓவன் ரோட்டுப் பக்கம். செவ்வாய்க்கிழமை மாலை, பூவம்மா கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தைத் துணி போட்டு மூடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மருதப்பன் வேட்டி சட்டையில் இருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் வாடிக்கைக்காரர் முன்னால் போவது உடம்பில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது அவருக்கு. கதவைத் திறந்தவர் இராசேஸ்வரி, பேரின்பநாயகத்தின் மனைவி. உயரமான அம்மாள், மூக்குக் கண்ணாடி, நெற்றி நிறைய விபூதி. உள்ளே வரச்சொல்லி, உட்காரச்சொல்லி, கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். அந்த நேரம் பேரின்பநாயகம் பனியனும் வேட்டியுமாக உள்ளறையிலிருந்து வந்தார். அவரை அந்தக் கோலத்தில் மருதப்பன் பார்த்ததே இல்லை. மனைவியோடு இருக்கிற வாடிக்கைக்காரரைக் கண்டதும் மருதப்பனின் கண் தன்பாட்டுக்கு மேலே ஏறி, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தில் போய் நின்றுவிட்டது.

இராசேஸ்வரி அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கணவரைக் கையால் காட்டி, "இவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாதுங்கம்மா."

சொல்லி முடிந்துவிட்டது. கையில் அவருடைய பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. அதன் உறையில் அவருடைய கையெழுத்தில் 'திரு. பேரின்பநாயகம் குடும்பத்தார்'. பூவம்மா தாம்பாளத்துக்கு அடியில் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பேரின்பநாயகம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இராசேஸ்வரி சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் பூவம்மாவும் சிரித்துவிட்டாள். மருதப்பனுக்குத்தான் காது மடல் எரிந்தது.

"பன்ரண்டு வருசமாப் புதனும் சனியும் சங்கத்துக் கூட்டம் எண்டுதான் போறவர்" என்றார் இராசேஸ்வரி, சிரிப்பு அடங்கிய பிறகு. "இவ்வளவு கூட்டம் கூடியும் ஒரு தீர்மானம் நிறைவேறினதா நான் கேள்விப்படேல்லை. எனக்கு விளங்காதோ? ஆள் ரெண்டு கிளாஸ் குடிக்கிறது எனக்குப் பெரிய கவலை இல்லை. இந்த மனுசன் என்னைப் பயந்து இவ்வளவு காலம் பொய் சொல்லியிருக்கிறார். அதுதான் கவலை."

பேரின்பநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டில் அது ஏற்கெனவே பேசி, அழுது, ஓரளவு ஆறின விஷயம் என்பது மருதப்பனுக்குப் புரிந்தது. ஆனாலும் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதும் தெரிந்தது. தன்னால் வந்ததே என்று வருத்தப்பட்டார். வாயால் சொல்லவும் செய்தார். மன்னிச்சுக்குங்கம்மா என்றார்.

"நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? கலியாணம் சொல்ல வந்தனீங்கள், அதை வடிவாச் சொல்லுங்கோ" என்று எழுந்து, கணவரையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார் இராசேஸ்வரி.

பூவம்மா தாம்பாளத்தை நீட்டினாள். மருதப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கள் மகளுக்குக் கல்யாணம், நீங்கள் இரண்டு பேரும் அவசியம் வரவேண்டும் என்று சொன்னார். ஆயிரம் கல்யாணம் பார்த்தவர், ஒரு வாடிக்கைக்காரர் வீட்டில் நின்று முதல் தடவையாகச் சொன்ன வார்த்தை. இருவரும் சேர்ந்து தாம்பாளத்தைத் தொட்டு வாங்கிக்கொண்டார்கள். பெண் பக்கத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று இராசேஸ்வரி பேச்சுக்குக் கேட்டார். பூவம்மா மறைக்கத் தெரியாதவள். முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டின் இரண்டு பஸ்ஸைப் பற்றியும், மகள் கேட்ட கேள்வியைப் பற்றியும், சின்ன அறைக்குப் போகப்போகிற அறுபது நாற்காலியைப் பற்றியும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பேரின்பநாயகம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் புதன். பேரின்பநாயகம் கோடு போட்ட முழுத்தாள் ஒன்றோடு பாருக்கு வந்தார். மேலே தலைப்பு எழுதி, அடிக்கோடு இட்டு, கட்டம் போட்டிருந்தார்: பேர், வீட்டு விலாசம், வீட்டில் இருக்கும் நேரம். ஒவ்வொரு மேசையாகப் போய், விஷயத்தைச் சொல்லி, எழுதச் சொல்லித் தாளை நீட்டினார். குடிக்கிற இடத்தில் நம்மவர்கள் உயிரைக் கேட்டாலும் கொடுப்பார்கள். வீட்டு விலாசத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் தலையைச் சொறிந்தார். ஒருத்தர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். துறைமுகத்து மேற்பார்வையாளர் ஒருவர் எழுதிவிட்டு, யோசித்து, அழித்தார். ஈரல் வறுவலுக்காக மட்டும் வருகிற சேக் தாவூது, தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்திராதவர், அவரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பாருக்குள் கால் வைப்பதே வீட்டில் தெரியாதாம். ஆனாலும் அழிக்காமல் முதலில் எழுதிக் கொடுத்தது அவர்தான். தாளில் கடைசியாகப் பதினெட்டு விலாசம் ஏறியிருந்தது.

துரைசாமி கல்லாவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வருஷத்துக்கு முன் தான் போட்ட சட்டம் கண்ணெதிரே உடைகிறது என்று அவருக்குத் தெரியாதா? இருந்தும் மருதப்பனுக்கு மூன்று நாள் லீவு கொடுத்தார். கணவனும் மனைவியும் சாங்கியிலிருந்து புக்கித் தீமா வரைக்கும் பஸ்ஸிலும் டாக்சியிலுமாக அலைந்து பதினெட்டு வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார்கள். சில வீடுகளில் கோப்பி கிடைத்தது. சில வீடுகளில் அம்மாமார் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு கணவரைப் பார்த்த பார்வையில் இவர்கள் சீக்கிரமே விடைபெற்றுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மருதப்பன் மண்டபத்துக்குப் போய் அறுபது நாற்காலியையும் எடுத்து அடுக்கினார். பதினெட்டு வீட்டிலும் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். வருகிறோம் என்று சொல்லி வராதவர்களை அவர் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறார். பூத்தொட்டி பன்னிரண்டையும் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்று, வருகிறவன் கண்ணில் எப்படிப் படும் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டு பஸ்ஸும் வந்து நின்றன. இடப்பக்கம் கால் மணி நேரத்தில் நிரம்பியது. வலப்பக்கம் டீச்சர்கள் ஆறு பேரும் ஒரே வரிசையில், கேலாங் குடும்பம் ஒரு வரிசையில், அப்புறம் பூத்தொட்டி. சம்பந்தி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அலங்காரம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மருதப்பன் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார். படிக்கட்டை அவர் பார்க்கவில்லை. பார்த்து ஏமாற வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தவர்கள் சேக் தாவூதும் அவருடைய மனைவியும், மூன்று மகள்களும். அடுத்து பேரின்பநாயகம் குடும்பம், கூடவே இராசேஸ்வரி அழைத்துவந்த இரண்டு தங்கைகளும் அவர்கள் பிள்ளைகளும். பிறகு படிக்கட்டில் இடைவெளியே இல்லை. விலாசத்தை எழுதி அழித்த துறைமுகத்துக்காரர்கூட மனைவியோடு வந்திருந்தார். ஆண்கள் எல்லாரும் வேட்டி கட்டி, தலை சீவி, புதிதாகப் பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளைகள் மாதிரி அவரவர் மனைவிக்கு ஓரடி பின்னால் வந்தார்கள். பார் ஆட்கள் பூத்தொட்டிகளைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டுச் சின்ன அறைக்கு ஓடினார்கள். அறுபது நாற்காலியும் திரும்பி வந்து, போதாமல், கீழே பாரிலிருந்தும் கொஞ்சம் ஏறியது.

சம்பந்தி எழுந்து வந்து மருதப்பன் பக்கத்தில் நின்றார். யார் இவர்களெல்லாம் என்று கேட்டார். மருதப்பனின் வாய் திறந்தது. பழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைத் தடுத்து நிறுத்த அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"எனக்குத் தெரிஞ்சவங்க சம்பந்தி" என்றார். "எல்லாரையும் தெரியும்."

மணவறைக்குப் பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு மங்களம் மாலையோடு வந்தாள். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். நடந்து வந்தவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு தகப்பனைத் தேடிப் பார்த்தாள். மருதப்பன் அப்போது ஒரு குழந்தைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடக்கும்போது இராசேஸ்வரி அவரிடம் வந்தார். கீழே ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டார். நியூ லோட்டஸ் பாருக்குள் வீட்டுப் பெண்கள் கால் வைத்ததில்லை. மருதப்பன் துரைசாமியைத் தேடினார். அவர் பந்தியில் இருந்தார். சரி என்று உள்படிக்கட்டு வழியாக அழைத்துப் போனார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மிச்சமிருந்த நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மருதப்பன் ஒரு ஜன்னலைத் திறந்தார். அந்த ஜன்னலோர மேசைக்கு ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டார். அது யாருடைய இடம் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

இராசேஸ்வரி அதில் உட்கார்ந்தார். கைப்பையை மேசைமேல் வைத்தார். சலவைக்கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இங்க இருந்து என்ன கதைப்பார்?"

"அதிகம் பேசமாட்டாரும்மா. பாட்டுக் கேப்பாரு."

"வீட்டிலயும் கதைக்கமாட்டார். வீட்டில பாட்டு இல்லை, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் ஆர்மோனியம் வைக்கிற வெறும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது, அது இவரிடம் சொல்லக்கூடியது இல்லை. மருதப்பன் பழக்கம்போலச் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேலே மேளம் மறுபடி தொடங்கியது. இராசேஸ்வரி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"வாங்கோ, மேல போவம். நாங்கள் இங்க நிண்டால் பொம்பிளை வீட்டுக் கதிரை வெறுமையாக் கிடக்கும்."

மருதப்பன் படிக்கட்டுப் பக்கம் போய், அவர் முதலில் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றார். இராசேஸ்வரி ஏறவில்லை.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்றார். "பொம்பிளையின்ர தகப்பன் எல்லே."

மருதப்பன் முன்னால் ஏறிப் போனார்.